காரைக்குடியில் வீடு, தொண்டியில் படகு: வாங்கலாமா?

காரைக்குடி வளவு:

எல்லாருக்கும் வணக்கம். பதினாறு வருடம் சிங்கப்பூரில் இருந்துவிட்டு இப்போது ஊரோடு வந்துவிட்டேன். அங்கே ஒரு நண்பரிடம் படகு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தூண்டிலோடு கிளம்பிவிடுவோம். ஓட்டுவது அவர், தூண்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நான். அந்த ருசி விடவில்லை.

தொண்டிப் பக்கம் ஒரு ஃபைபர் படகு விலைக்கு வந்திருக்கிறது. 22 அடி. 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின், டூ ஸ்ட்ரோக். எல்லாம் சேர்த்து 2.40 லட்சம் சொல்கிறார்கள். பெயின்ட் பளபளவென்று இருக்கிறது. "வியாழக்கிழமை இன்னொரு பார்ட்டி வர்றாங்க, பார்த்துக்குங்க" என்று வேறு சொல்லிவிட்டார். மாதம் இரண்டு தடவை நானும் பையன்கள் இரண்டு பேரும் கரையோரமாகப் போய் நாலு மீன் பிடித்துவிட்டுத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான் ஆசை. வியாபாரம் எதுவும் கிடையாது. பார்க்கப் போகும்போது எதை எதைக் கவனிக்க வேண்டும்? வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

மீமிசல் ஸ்பேனர்:

சந்தையில் மாட்டுக்குக் கொம்பு சீவி வர்ணம் அடித்து நிறுத்தியிருப்பார்கள். வாங்குகிறவன் கொம்பையா பார்ப்பான்? வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பான். அந்தப் புதுப் பெயின்டை மறந்துவிடுங்கள். எதை மறைக்க அடித்தார்கள் என்று மட்டும் யோசியுங்கள்.

நேராக அமரத்துக்கு, அதாவது படகின் பின்முனைக்குப் போங்கள். எஞ்சின் தொங்குகிற பின்பலகை இருக்கிறதே, ஃபைபர் படகுக்கு உயிர்நிலை அதுதான். வெளியே ஃபைபர், உள்ளே பெரும்பாலும் ப்ளைவுட். எஞ்சினை மாட்டிய போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, உள்ளே இருக்கிற பலகை ஊறி அவல் மாதிரி ஆகிவிடும். மேலே ஒன்றும் தெரியாது. ஒரு ஸ்க்ரூடிரைவரைத் தலைகீழாகப் பிடித்து, அதன் பிடியால் மேலிருந்து கீழாக, நாலு விரல் இடம்கூட விடாமல் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கேட்கும். ஊறிய இடத்தில் 'தொப்' என்று சத்தம் உள்ளேயே அமுங்கிவிடும். தேங்காயைத் தட்டி வாங்கத் தெரிந்தவருக்கு இது தெரியும். அப்புறம் எஞ்சினைப் பாதி தூக்கி நிறுத்தி, அதன் கால் பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அமுக்குங்கள். எஞ்சினோடு பலகையும் சேர்ந்து அசைந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். பின்பலகையை மாற்ற முடியாதா என்றால் முடியும். முதல் படகிலேயே அந்த வேலை உங்களுக்கு வேண்டாம்.

எஞ்சினுக்கு வருவோம். நீங்கள் போவதற்கு முன்னால் அவர் அதை ஓட்டி வைத்திருக்கக் கூடாது. மூடியைக் கழற்றி மேலே கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், "ஆறட்டும், டீ குடிச்சுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு நிஜமாகவே போய் டீ குடியுங்கள். ஆறிய எஞ்சின் எத்தனை இழுப்பில் எடுக்கிறது என்பதுதான் கணக்கு. எடுத்ததும் பின்பக்கத்துச் சின்ன ஓட்டையிலிருந்து சின்னப் பிள்ளை ஒன்றுக்குப் போகிற மாதிரி தண்ணீர் பீய்ச்ச வேண்டும். எஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணீர் ஓடுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். சொட்டுச் சொட்டாக வந்தால் இம்பெல்லர் தேய்ந்திருக்கும், இல்லாவிட்டால் உப்போ பாசியோ அடைத்திருக்கும். இம்பெல்லர் ஒரு சின்ன ரப்பர் சக்கரம், அதை மாற்றுவது பெரிய செலவில்லை. அதை மாற்றாமலேயே ஓட்டி எஞ்சினைச் சூடேற்றியிருந்தால்தான் வினை.

அடியில் கியர் பெட்டியின் கீழ்த் திருகைக் கொஞ்சம் தளர்த்தி, வருகிற ஆயிலை விரலில் வாங்கிப் பாருங்கள். பால் ஊற்றிய டீ நிறத்தில் வந்தால் சீல் போய் உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது. தெரிந்த மெக்கானிக்கைக் கையோடு கூட்டிப்போய் கம்ப்ரஷனும், அதாவது சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு சிலிண்டருக்கும் வித்தியாசம் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. எல்லாம் சரி என்றால் நீங்கள் மூன்று பேரும் ஏறி அரை மணி நேரம் தண்ணீரில் ஓட்டிப் பாருங்கள். கரையில் நிற்கும்போது எல்லா எஞ்சினும் நல்ல எஞ்சின்தான்.

கண்டனூர் ஆச்சி:

"வீட்டில் இன்னும் சொல்லவில்லை" என்கிற வரியை ஸ்பேனர் தம்பி எப்படித் தாண்டிப் போனார் என்று தெரியவில்லை.

எங்கள் ஐயா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போய் வந்தவர். எங்கள் வீட்டு முகப்பில் நிற்கிற தேக்குத் தூண் பர்மாவிலிருந்து கடல் வழியாக வந்தது. கடலால் பிழைத்த குடும்பம்தான். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் கப்பல் வாங்கவில்லை, டிக்கெட்தான் வாங்கினார்கள்.

தம்பி, 2.40 லட்சம் என்பது முதல். அதற்கு வட்டி, பார்த்துக்கொள்கிற ஆளுக்குச் சம்பளம், எஞ்சின் செலவு, தொண்டி போய் வர கார் பெட்ரோல் எல்லாவற்றையும் ஒரு பேப்பரில் எழுதுங்கள். மாதம் இரண்டு என்றால் வருடத்துக்கு 24 தடவை. மழைக்காலம், கல்யாணம், காரியம், பையன்கள் பரீட்சை எல்லாம் கழித்தால் 12 தேறினால் பெரிது. மொத்தத்தை 12-ஆல் வகுத்து, ஒரு தடவை தூண்டில் போட என்ன விழுகிறது என்று பாருங்கள். அந்தப் பேப்பரோடு போய் வீட்டில் சொல்லுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா:

ஆச்சி சொல்கிற பேப்பரை எழுதாமல் வாங்கிய ஆள் நான்தான். என் கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் படகில் உள்ளே சேருகிற தண்ணீர் வடிய அமரத்தின் அடியில் ஒரு ஓட்டை, அதற்கு ஒரு திருகு மூடி. கரையில் நிற்கும்போது மூடியைக் கழற்றி வைக்க வேண்டும், இறக்கும்போது மாட்ட வேண்டும். முதல் நாள் நானும் மச்சினனும் சித்தப்பா மகனும் புளியோதரைப் பொட்டலம், ஐஸ் பெட்டி, புதுத் தூண்டில் எல்லாம் ஏற்றித் தள்ளினோம். எஞ்சின் ஒரே இழுப்பில் எடுத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நூறு மீட்டர் போயிருப்போம், மச்சினன் மெதுவாக, "அத்தான், செருப்பு மிதக்குது" என்றான். குனிந்து பார்த்தால் செருப்போடு புளியோதரையும் மிதக்கிறது. மூடி என் சட்டைப் பையில் இருந்தது. நல்ல வேளை, அந்த இடத்தில் இடுப்பளவுதான் தண்ணீர். எஞ்சின் முங்கவில்லை, மானம்தான் முங்கியது. கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் சிரிக்காமல் வந்து இழுத்துவிட்டார்கள். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அன்றிலிருந்து அந்த மூடியை எஞ்சினின் சிவப்புக் கயிற்றோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். கயிற்றை மாட்டாமல் எஞ்சின் எடுக்காது, அதனால் மூடி கையில் தட்டாமல் போகாது.

அந்தச் சிவப்புக் கயிறு அலங்காரத்துக்கு இல்லை. ஒரு நுனி எஞ்சினில், மறு நுனி ஓட்டுகிறவர் கையில் அல்லது காலில். ஆள் தவறி விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நின்றுவிடும். கட்டவில்லை என்றால் பையன்கள் மட்டும் இருக்கிற படகு தானாக ஓடிக்கொண்டிருக்கும்.

படகு கெட்டது கடலில் இல்லை, நான் போகாமல் விட்டதில்தான். ஆறேழு மாதத்தில் போவது குறைந்தது. பெட்ரோல் டேங்கிலேயே கிடந்தது. இப்போது வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். ஈரம் ஒரு அளவுக்கு மேல் போனால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். எஞ்சின் முதலில் உறிஞ்சுவது அந்த அடித் தண்ணீரைத்தான். கார்புரேட்டர் முழுக்கப் பிசுபிசுவென்று ஆகிவிட்டது. கடலில் ஓடியபிறகு ஒரு டிரம்மில் நல்ல தண்ணீர் வைத்து எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட விட வேண்டும் என்பார்கள். கரையில் நல்ல தண்ணீர் கொண்டுவருவது யார்? நான் தேவகோட்டையில் இருக்கிறேன். பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன்.

பள்ளத்தூர் மாப்பிள்ளை:

குறுக்கே ஒரு கேள்வி. கடலே வேண்டாம், காற்றடிக்கிற ரப்பர் படகு ஒன்று வாங்கி நம்ம ஊருணியில் விட்டால் என்ன? பையன்களுக்கும் பழக்கம் ஆகும்.

கண்டனூர் ஆச்சி:

எங்கள் ஊருணியில் கால் கழுவவே விடமாட்டோம். மாப்பிள்ளை என்பதால் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தொண்டிக்கரை:

நான் இந்தக் கரைக்காரன். அப்பா காலத்திலிருந்து தொழிலுக்குப் போகிற குடும்பம். ஸ்பேனர் அண்ணன் சொன்னது அத்தனையும் சரி, ஆனால் நான் அதற்கு முன்னால் காகிதத்தைக் கேட்பேன்.

இங்கே விற்பனைக்கு வருகிற ஃபைபர் படகு எல்லாம் மீன்பிடிப் படகாகப் பதிவானது. முன்பக்கம் ஐ.என்.டி., டி.என். என்று தொடங்கி மாவட்ட எண், அப்புறம் எஞ்சின் மாட்டிய நாட்டுப்படகு என்றால் எம்.ஓ., விசைப்படகு என்றால் எம்.எம்., கடைசியில் படகின் எண் என்று எழுதியிருக்கும். புதுப் பெயின்டில் அந்த எண் இருக்கிறதா, பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எஞ்சின் நம்பரைப் பில்லோடு ஒப்பிடுங்கள். மானியத்தில் வாங்கிய எஞ்சினாக இருந்தால் அதை வெளியாளுக்கு விற்கலாமா என்பதை விற்கிறவரிடம் கேட்காதீர்கள், மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். 1983-ஆம் வருடத் தமிழ்நாடு கடல் மீன்பிடிச் சட்டப்படி பதிவும் உரிமமும் மீன்பிடித் தொழிலுக்குத்தான். நீங்கள் மீனவர் இல்லை, தொழிலும் இல்லை. எங்களிடம் பயோமெட்ரிக் அட்டை இருக்கிறது. நடுக்கடலில் மரைன் போலீஸ் நிறுத்திக் கேட்டால் நீங்கள் எதை எடுத்துக் காட்டுவீர்கள்? என் பெயரில், இந்த உபயோகத்துக்கு, இந்தப் படகை வைத்துக்கொள்ள என்ன செய்ய வேண்டும் என்று அலுவலகத்தில் எழுதிக் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கிவிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள். "அதெல்லாம் யாரும் கேக்கமாட்டாங்க" என்று சொல்கிறவர், கேட்கிற அன்றைக்குப் பக்கத்தில் இருக்கமாட்டார்.

அடுத்தது ஆள். படகு தண்ணீரில் நின்றால் அடியில் பாசியும், ஓடு மாதிரி ஒட்டிக்கொள்கிற கொட்டலசும் ஏறும். மழை பெய்தால் உள்ளே தண்ணீர் நிற்கும், யாராவது இறைக்க வேண்டும். காற்று மாறினால் நங்கூரத்தைப் பார்க்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்களே படகைக் காப்பாற்ற முடியாமல் நின்றார்கள். புயல் எச்சரிக்கை வந்த ராத்திரி நீங்கள் காரைக்குடியிலிருந்து ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டி வந்து இழுத்து மேலே போடுவீர்களா? ஆள் முதலில், படகு அப்புறம்.

மெக்கானிக்கும் நீங்கள் கூப்பிட்ட நேரத்துக்கு வரமாட்டார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். எல்லாப் பழுது வேலையும் அப்போதுதான் நடக்கும். உங்கள் பையன்களுக்குப் பள்ளி விடுமுறையும் அப்போதுதான்.

மீமிசல் ஸ்பேனர்:

மே மாதம் என்னைக் கூப்பிடாதீர்கள். உண்மையாகவே சொல்கிறேன்.

காரைக்குடி வளவு:

புதன்கிழமை போய் வந்தேன். ஸ்பேனர் அண்ணன் சொன்னபடி தட்டினேன். வலது பக்கம் கணீரென்று இருந்தது. எஞ்சின் போல்டுக்குக் கீழே வந்ததும் சத்தம் செத்துவிட்டது. விற்பவர் முகம் மாறியது. "உள்ள தெர்மாகோல் வெச்சிருக்கு, அதான் அப்படிக் கேக்குது" என்றார். ஒரு போல்டைச் சுற்றிப் பெயின்டில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு இறங்கியிருந்தது. துடைத்தேன், கையில் ஈரம் ஒட்டியது. கியர் ஆயில் பார்க்க விடவில்லை. பதிவுப் புத்தகம் அண்ணன் வீட்டில் இருக்கிறதாம். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். வியாழக்கிழமைப் பார்ட்டிக்கு நல்லது நடக்கட்டும்.

வீட்டில் சொல்லிவிட்டேன் ஆச்சி. பேப்பரைப் பார்த்துவிட்டு, "ஒரு மீன் எவ்வளவு விழுது?" என்று மட்டும் கேட்டாள்.

ஒரு சந்தேகம். நான் கரையோரமாகத்தானே போகப் போகிறேன், அதற்கும் இவ்வளவு பயப்பட வேண்டுமா? அன்றைக்குக் கடல் குளம் மாதிரி கிடந்ததே?

தொண்டிக்கரை:

எங்களுக்கு வயிற்றைக் கலக்குகிற வார்த்தையே அந்தக் "குளம் மாதிரி"தான்.

நம் கரை கிழக்குப் பார்த்த கரை. ஆனி, ஆடியில் காற்று மேற்கே தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும், கச்சான் என்போம். காற்றுக்குக் கரை மறைப்பாக இருப்பதால் ஓரத்தில் அலை எழும்பாது. நீங்கள் பார்த்தது அதுதான். சும்மா போனாலே படகு வழுக்கிக்கொண்டு போகும், ஏனென்றால் காற்று முதுகில் தள்ளுகிறது. திரும்பும்போது அதே காற்று மூஞ்சியில். உள்ளே போகப் போக அலையும் கூடியிருக்கும். எஞ்சின் நின்றுவிட்டால் ஒவ்வொரு நிமிடமும் கரை தள்ளிப் போகும், கிழக்கே போனால் இலங்கையோடு 1974-இல் போட்ட எல்லைக் கோடு. வாடைக்காற்றுக் காலத்தில் கதை வேறு. அலை கரையைப் பார்த்து வரும், பார்த்தாலே பயமாக இருக்கும், அதனால் நீங்களே போகமாட்டீர்கள். ஆளைக் கொண்டுபோவது அமைதியாக இருக்கிற கச்சான்தான்.

பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். பெரும்பாலான இடத்தில் பதினைந்து மீட்டர்கூட இருக்காது. ஆழம் இல்லாத தண்ணீரில் காற்று பிடித்தால் அலை குட்டை குட்டையாக, நெருக்கி நெருக்கி, செங்குத்தாக எழும்பும். ஒன்றைத் தாண்டிப் படகு தலை தூக்குவதற்குள் அடுத்தது அணியத்தில், அதாவது முன்முனையில் ஏறும். சிங்கப்பூரில் உங்கள் நண்பர் ஓட்டிய பெரிய படகில் இது தெரிந்திருக்காது.

அதனால் நங்கூரம்தான் உங்கள் பிரேக். கயிறு ஆழத்தைப் போல ஐந்து மடங்கு வேண்டும். 5 மீட்டர் தண்ணீருக்கு 25 மீட்டர், முனையில் கொஞ்சம் சங்கிலி. கயிற்றின் மறு நுனியைப் படகில் கட்டியிருக்கிறீர்களா என்று வீசும் முன் பாருங்கள், சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது. எஞ்சின் நின்றால் முதல் வேலை நங்கூரம் போடுவது, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவது இரண்டாவது.

கடற்புல் நிறைய இருக்கிற கடல் இது. அறுந்து மிதக்கிற புல் எஞ்சின் காலில் சுற்றித் தண்ணீர் போகிற வாயை அடைக்கும். அந்தச் சின்னப் பிள்ளைத் தண்ணீர் நின்றதும் எஞ்சினை நிறுத்தித் தூக்கிப் புல்லைப் பிடுங்கிப் போடுங்கள், நிமிடக் கணக்கில்கூடத் தாமதிக்க வேண்டாம். அந்தப் புல்லை நம்பித்தான் கடற்பசு இருக்கிறது. வடக்கே அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரை 448 சதுர கிலோமீட்டர் 2022-இலிருந்து கடற்பசுப் பாதுகாப்பகம். புல் திட்டு மேல் எஞ்சினை முழு வேகத்தில் விடாதீர்கள், நங்கூரத்தையும் மணல் பார்த்துப் போடுங்கள். புல்லில் அது சரியாகப் பிடிக்கவும் செய்யாது.

வலை மிதவை தெரிந்தால் சுற்றிப் போங்கள். உங்களுக்கு அது சுற்றிய நூல், எங்களுக்கு அது போட்ட முதல். மூன்று பேருக்கும் லைஃப் ஜாக்கெட், கரையிலேயே போட்டுக் கொக்கி மாட்டியபிறகு ஏறுங்கள். ஓரத்தில் அடுக்கி வைத்த ஜாக்கெட் யாரையும் காப்பாற்றாது. போனைத் தண்ணீர் புகாத பையில் போட்டுக் கழுத்தில் மாட்டுங்கள். கடலோரக் காவல்படை 1554, மரைன் போலீஸ் 1093. எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதைக் கரையில் ஒருவரிடம் சொல்லாமல் போகாதீர்கள்.

தேவகோட்டை ரஸ்தா:

இதையெல்லாம் எனக்கு யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா? கேட்டிருக்கமாட்டேன். புதுப் பெயின்ட் கண்ணை மறைத்துவிட்டது.

காரைக்குடி வளவு:

இரண்டு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

தொண்டிக்கரை ஏற்பாட்டில் அவர் சித்தப்பாவோடு மூன்று தடவை போய் வந்தேன். முதல் தடவை வாந்தி. இரண்டாம் தடவை சுக்கானையும் எஞ்சினையும் என் கையில் கொடுத்தார், கரைக்குத் திரும்பும்போது எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் ஒரு வட்டம் போட்டேன். மூன்றாம் தடவை இரண்டு ஊளி, ஒரு கிழங்கான். வீட்டில் ஆளுக்கு ஒரு துண்டு.

22 அடி ஆசை போய்விட்டது. 14 அடியில் ஒரு சின்னப் படகு, அதற்கு ஏற்ற சின்ன ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின், சரக்கு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கி, சாயங்காலம் திரும்ப ஏற்றிக் கொண்டுவந்துவிடலாம் என்று முடிவு. கரையில் ஆள் வேண்டாம், நல்ல தண்ணீர் நம் கிணற்றிலேயே இருக்கிறது, எஞ்சினை டிரம்மில் கழுவிப் பின்கட்டில் நிறுத்திவிடலாம். அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். பதில் வரும்வரை தண்ணீரில் இறக்குவதில்லை. போனாலும் கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம், கூட ஒரு கரைக்காரர், கச்சான் காலத்தில் கிடையாது.

கண்டனூர் ஆச்சி:

பின்கட்டில் நிறுத்துவது சரி. பின்வாசல் அகலம் அளந்தீர்களா?

காரைக்குடி வளவு:

இப்போதுதான் போய் அளந்தேன் ஆச்சி. நிலைக்கு நிலை நாலே முக்கால் அடி. படகு ஐந்தடி.

மீமிசல் ஸ்பேனர்:

படகைப் பக்கவாட்டில் சாய்த்துக் கொண்டுபோங்கள், நுழையும். எஞ்சினை முதலில் கழற்றிவிடுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் கண்ட பக்கம் படுக்க வைக்காதீர்கள், ஆயில் சிலிண்டருக்குள் போய்விடும். எந்தப் பக்கம் படுக்கலாம் என்று கூடவே வருகிற புத்தகத்தில் போட்டிருக்கும், பிரித்துப் பார்த்துவிட்டு நிலையைத் தாண்டுங்கள்.